கள்ளிக்கு ஊத்துன உயிர்த்தண்ணி

நாள் 212. காலை 6:10

ஏப்பா, இதக் கேக்குறது யாரா இருந்தாலும், சௌக்கியமா? தண்ணி கிண்ணி குடிச்சியா? நான் செவ்வாயில, கள்ளிக் கூடாரத்துல இருக்கேன். பேரு சோலைப்பன், விளாத்திகுளம் பக்கம். எழுதத் தெரியாது, நான் பேசப் பேச இந்தப் பொட்டி எழுதிக்கிடும். கூட இருக்கது மங்கை, மிஷினு பாக்குற புள்ள, திருத்துறைப்பூண்டிக்காரி. வேற ஆளு கிடையாது. கள்ளி முன்னூறும் நல்லாருக்கு.

நாள் 219. காலை 7:00

காத்தச் சுத்தம் பண்ற மிஷினு நின்னுபோச்சு. மங்கை பிரிச்சுப் பாத்துட்டு உதட்டப் பிதுக்கிட்டா. கப்பல் வர எழுவது நாளு. அதுவரைக்கும் நாங்க விடுற கெட்ட மூச்ச கள்ளிதான் இழுக்கணும். பகல்ல மூச்சு வாங்க வாயத் தொறந்தா இருக்க ஈரமும் போயிரும்னு, கள்ளி இருட்டுலதான் தொறக்கும். எங்கூர்ல ஒரு கருமி இருந்தான், விருந்தாளி போனபொறவுதான் சோத்துப்பானையத் தொறப்பான். அவன் கதை பொறவு. முன்னூறு செடி ஒண்ணரை ஆளுக்குத்தான் காணும். கூட நடணும்னு கள்ளி மட்டை அறுத்துக் காயப் போட்டிருக்கேன்.

நாள் 224. பகல் 11:30

மூணு நாளாக் காய்ச்சல். இன்னைக்குத்தான் எந்திரிச்சேன். எனக்கு உதவியா இருக்கட்டும்னு மங்கை நான் படுத்த அன்னைக்கே எல்லா மட்டையையும் நட்டுட்டா. தண்ணியும் ஊத்திட்டா. மூணாம் நாளு உயிர்த்தண்ணி வேற. நாத்துக்கு அப்படித்தான விடுவாக, அவ அப்பன் சொல்லிக் குடுத்தது. கள்ளிக்கு அறுத்த காயம் நிழல்ல பத்துப் பன்னெண்டு நாளு காயணும். வேரு விடுறவரைக்கும் சொட்டுத் தண்ணி படக்கூடாது. எங்கூர்ல அத யாரும் நட்டதில்ல, வேலியில வீசுனா அதுவா வரும். அதனால சொல்லணும்னே எனக்குத் தோணல.

மட்டையத் தொட்டா விரலு உள்ள போவுது. அழுகுன பூசணிக்கா வாடை.

நாள் 231. காலை 8:15

அந்த ஈரம் மண்ணு வழியா தாய்ச்செடிக்கும் போயிருச்சு. அழுகல அறுத்து அறுத்து வீசுறோம். கெட்ட காத்துல தல பாறாங்கல்லா கனக்குது. உங்க ஊருல மழைக்கும் தண்ணி ஊத்துவீகளான்னு கேலி பண்ணினேன். சிரிச்சா. பொறவு கத்திய வச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டா.

மிச்சம் இருநூறு செடி. அவளும் எண்ணுனா, நானும் எண்ணுனேன்.

நாள் 236. பகல் 2:05

பூமியில இருந்து சேதி: "இருக்கும் காற்று ஒருவருக்கு மட்டுமே போதும். முடிவை உங்களிடமே விடுகிறோம்."

மங்கை அசந்து தூங்குறா. எழுப்பிச் சொல்லல. எனக்கு அறுவத்தொண்ணு. அவளுக்கு முப்பது.

நாள் 237. மாலை 4:40

வெளிய போற உடுப்ப மாட்டிட்டேன். தாயி, நீ எந்திரிச்சு இதக் கேட்டா, கரும்புள்ளி விழுந்த மட்டைய அன்னைக்கே அறுத்துரு. தண்ணிய மறந்துரு, அதுக்குத் தேவையானத அது வயித்துலயே வச்சிருக்கு.

ஆங், அந்தக் கருமி. ஒரு நாளு விருந்தாளி போகவே இல்ல. ரெண்டு பேரும் பானையப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்காக, பசியில கண்ணு இருட்டுது, அப்ப ஒருத்தன் மெல்ல எந்திரிச்சு... இரு, ஸ்பீக்கர்ல கூப்பிடுறா.

"அண்ணே, நேத்து தூங்குற மாதிரி படுத்திருந்தேன், சேதி எனக்கும் கேட்டுச்சு. வெளிக்கதவுக்கிட்ட நிக்கிறேன். உள்கதவப் பூட்டியாச்சு, அங்கேருந்து தொறக்க வராது. விளக்க அணைச்சிருங்க, இருட்டுனாத்தான அது மூச்சு வாங்கும். இனிமே நான் தண்ணி ஊத்த மாட்டேன்."

தாயி, இரு, கைய எடு அந்தக் கதவுல இருந்து, நான் உடுப்பெல்லாம் போட்டுட்டேன், நான்தான