அம்மாவின் மூச்சுக்கு ஒரு சாட்சி

அன்புள்ள தம்பி,

ஒன்பது மாதமாக நாம் பேசவில்லை. அதனால் நேராகவே விஷயத்துக்கு வருகிறேன். இங்கிலாந்தில் லீட்ஸ் நகர முதியோர் இல்லத்துக்குப் பணம் கட்டுவதற்காக அம்மாவின் வீட்டை விற்றோமே, அம்மாவின் நோய் கடுமையானது, அப்படிப்பட்டவர்களின் செலவை இங்கே அரசே ஏற்க வேண்டும் என்று மனுப் போட்டேன். முதல் விசாரணையில் தள்ளிவிட்டார்கள்.

"உங்கம்மா அமைதியா இருந்தாங்கன்னுதானே இல்லத்துப் பதிவேட்டுல இருக்கு?" என்றார் அதிகாரி.

"நர்ஸ் மோரீன் மணிக்கொருதரம் தொண்டையில சளிய உறிஞ்சி எடுத்தாங்க சார். அதனாலதான் அமைதியா இருந்தாங்க. எடுக்கலன்னா என்ன ஆகியிருக்கும்?"

"அப்படி ஆனதை யாராவது பார்த்திருக்காங்களா?"



மோரீன் வரத் தாமதமான அந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மாவின் உதடு நீலமாகிப் போனதைப் பார்த்தவன் நீ மட்டும்தான். பதிவேட்டில் அதைப்பற்றி ஒரு வரிகூட இல்லை. அதன்பிறகு நீ அங்கே கால் வைக்கவில்லை. அம்மாவை அடக்கம் செய்த அன்று உன்னைக் கோழை என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

மேல்முறையீடு மார்ச் நான்காம் தேதி, காலை பத்து மணிக்கு. நீ வராவிட்டாலும் நான் போவேன். ஆனால் எழுதியிருப்பதைத்தான் என்னால் படிக்க முடியும். எழுதாமல் விட்டதை நீதான் சொல்ல வேண்டும்.

உனக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா