பத்து விரல், பத்துப் பேர்

என் ஆசை மாப்ளே அந்தோணி,

சுங்குவார்சத்திரத்து அறையில் உன் பாய் இன்னும் சுருட்டியபடியே மூலையில் கிடக்கிறது. காய்ச்சல் என்று ஊருக்குப் போனவன் நாலே நாளில் கல்லறைக்குப் போவாய் என்று யார் கண்டது? ஒரு வார்த்தை சொல்லிவிட்டாவது போயிருக்கலாமே, பாவி.

உனக்கு ஒரு செய்தி. உன் பிரஸ் மெஷினில் இப்போது என்னைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். பயமாக இருக்கிறது, மாப்ளே. உன்னிடம் சொல்ல எனக்கென்ன வெட்கம்? தகடு வைத்துவிட்டுக் கை வெளியே வந்ததும் ஒவ்வொரு முறையும் விரல்களை எண்ணிப் பார்க்கிறேன்.

இரண்டு கையும் இரண்டு பட்டனில் இருந்தால்தான் தகட்டை அழுத்தும் அச்சு கீழே இறங்க வேண்டும். உனக்குத் தெரியாததா? டார்கெட்டை ஏற்றியதும் சூப்பர்வைசர் வந்து நின்றார். "இன்னா குமரேசா, ஆடி அசைஞ்சிகினு கீற? ஒரு பட்டன்ல கட்டைய சொருவி டேப்ப சுத்து. ஒரு கை பட்டனுக்கு, ஒரு கை தகடுக்கு. எல்லாரும் அப்டித்தான் ஓட்றாங்கோ."

அந்தோணி ஒருநாளும் அப்படி ஓட்டியதில்லை சார் என்று நாக்கு நுனி வரை வந்தது. அடுத்த மாதம் காண்ட்ராக்ட் முடிகிறதே. கட்டையைச் செருகி டேப்பைச் சுற்றினேன்.

மூன்றாம் நாள் கையுறையின் நுனி உள்ளே மாட்டியது. மயிரிழையில் தப்பினேன். அன்று கேண்டீனில் சோற்றைப் பிசையவே கை வரவில்லை.

ஷிப்ட் தொடங்கும் முன் ஒவ்வொரு விரலாகத் தொட்டு முணுமுணுப்பாயே, நினைவிருக்கிறதா? விரலுக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு ஜெபம். "சாமியாரே, பூசை முடிஞ்சதா?" என்று எத்தனை நாள் கிண்டல் செய்திருப்பேன்! "சிரிக்காதல. எடது சுண்டுவெரலு நீதாம்ல" என்றாய் ஒருமுறை. அதற்கும் சிரித்தேன். எனக்காக ஒருவன் தினமும் வேண்டிக்கொண்டிருந்தான் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

இன்று காலை மெஷின் முன்னால் நின்று கையுறையைக் கழற்றினேன். முருகா என்றுதான் ஆரம்பித்தேன். அதற்கு மேல் தெரிந்தது உன் முறைதான். அம்மா, அப்பா, தங்கச்சி என்று தொட்டுக்கொண்டே போனேன். எட்டுப் பேருக்கு மேல் ஆள் கிடைக்கவில்லை. ஒன்பதாவதில் சூப்பர்வைசரைப் போட்டேன், சிரிக்காதே. டார்கெட் மீட்டிங் முடிந்து வரும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கிறாயா? அவருக்கும் பயம்தான்.

பத்தாவது, வலது கட்டைவிரல். அதில் நீ. செத்தவனுக்கு எதற்கு வேண்டுதல் என்று கேட்பாய். அங்கே வேறு யாரையும் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

சும்மா சொல்லவில்லை மாப்ளே, நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கியது. ஆனால் இத்தனை பேரையும் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கட்டையோடு எப்படி ஓட்டுவது? டேப்பைப் பிய்த்து எறிந்தேன்.

சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "கட்ட எங்கடா?"

"எடுத்துட்டேன் சார். ரெண்டு கையாலதான் ஓட்டுவேன்."

"டார்கெட் கொறஞ்சா மேல நான் இன்னா பதில் சொல்றது?" அவர் சத்தம் போடவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "நாளைக்கு ஆபீசுக்கு வா" என்று போய்விட்டார்.

என்ன சொல்வார்களோ. காண்ட்ராக்ட் போனால் தங்கச்சியின் படிப்பு என்னாவது? நீ செய்ததைத்தானே நானும் செய்தேன், உன்னை மட்டும் எப்படி விட்டுவைத்தார்கள்? அங்கே யாரிடமாவது எனக்காக ஒரு வார்த்தை சொல்லேன்.

வேலை இருந்தாலும் போனாலும் கல்லறைத் திருநாளுக்கு உன் ஊருக்கு வருவேன். மெழுகுவர்த்தி ஏற்றப் பத்துப் பேரையும் கூட்டிக்கொண்டு வருவேன். ஒருவரைக்கூட வழியில் விட்டுவிட மாட்டேன்.

உன் இடது சுண்டுவிரல்,
மச்சான் குமரேசன்