மேல் தாழ்ப்பாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

நேற்று ராத்திரி இந்த விடுதியின் சலவை அறைக் கதவின் அடியில் தெரிந்த வெளிச்சத்தில் இரண்டு கால்களின் நிழல் விழுந்ததைத்தான் முதலில் கவனித்தேன். பயப்படாதே அம்மா, ஆண்டவர் கிருபையில் சுகமாகத்தான் இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கூட வேலை பார்க்கும் மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் மட்டும் கதவைத் தாழிட்டுக்கொண்டு படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் வெளியிலிருந்து உன் குரல் கேட்டது.

"சுண்டு, என் கண்ணு, அம்மா வந்திருக்கேன். கதவைத் திறம்மா."

அச்சு அசல் உன் குரல். என்னைச் சுண்டு என்று கூப்பிடுவது இங்கே ஒருவருக்கும் தெரியாது. ஓடிப்போய்த் திறக்கத்தான் கால் துடித்தது. ஆனால் சோதனை வந்தால் முதலில் ஆண்டவரிடம் ஞானத்தைக் கேள், மற்றதெல்லாம் பிறகு என்று நீ சொல்வாயே, அதையே கண்ணை மூடிக் கேட்டேன்.

உடனே எனக்கு ஒன்று உறைத்தது. நீ ஒருநாளும் என்னை இப்படிக் கொஞ்சிக் கூப்பிட்டதில்லை. "ஏய் கழுதை, காது அடைச்சுப்போச்சா?" என்றுதான் தொடங்குவாய்.

பதில் எழுதும்போது என்னை நாலு வரி திட்டி எழுது அம்மா. இங்கே என்னைத் திட்டக்கூட ஆள் இல்லை.

நிழல் நகரவில்லை. "திறடா தங்கம்" என்றது. நான் போய், மேல் தாழ்ப்பாளையும் போட்டேன்.