அகஸ்டின் பெயருக்கு யாரும் பதில் சொல்ல வேண்டாம்

முனிர்கா, புது தில்லி
9 பிப்ரவரி 2025

அன்புள்ள இன்பராணி அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் காது மிஷினை மேசை இழுப்பறையில் வைக்காமல் காதில் வைத்துக்கொண்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் நான் ஒன்று கத்த, நீ வேறொன்றுக்குப் பதில் சொல்வது போதும். இனிமேல் கடிதம்தான்.

இங்கே தில்லியில் நம் பிஷப் ஹார்க்னஸ் ஆண்கள் பள்ளிக்கு வருகிற ஏப்ரல் 26ஆம் தேதி நூற்றிருபத்தைந்து ஆண்டு நிறைகிறது. பள்ளியின் வரலாற்றை எழுதச் சொல்லி என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர் இப்போதைய பிரின்சிபால், எனக்கு இரண்டு வகுப்பு கீழே படித்த தூத்துக்குடி இஸ்ரவேல். ஒப்புக்கொண்டேன். அந்தப் பள்ளியின் பெயரைச் சொன்னாலே நீ முகத்தைத் திருப்பிக்கொள்வாய் என்று தெரிந்துதான் ஒப்புக்கொண்டேன்.

வெள்ளைக்காரப் பாதிரி ஒருவர் கூடாரம் அடித்து வகுப்பு தொடங்கியதிலிருந்து எழுதி வருகிறேன். 2000ஆம் ஆண்டுக்கு ஒரு பத்தி. அதை இப்படி எழுதியிருக்கிறேன்:

"நூற்றாண்டு விழா ஒத்திகையில் தாளம் தவறியதற்காக ஒன்பதாம் வகுப்பு மாணவன் அகஸ்டினை, பெரிய டிரம்மைச் சுமந்தபடியே டிரில் மாஸ்டர் வெயிலில் நிறுத்தினார். அவன் தண்ணீர் கேட்டான். அவர் கொடுக்க விடவில்லை. அவன் மைதானத்தில் விழுந்தான். அன்று மாலை இறந்தான். அவனுக்குப் பிறவியிலேயே இருதயக் கோளாறு என்று பள்ளி அறிவித்தது. அப்படி எந்தக் கோளாறும் அவனுக்கு இல்லை."

இதில் ஒரு சொல்லும் மாறாது.

உன் தம்பி,
கிளமெண்ட்


நாகர்கோவில்
20 பிப்ரவரி 2025

தம்பி கிளமெண்ட்டுக்கு,

கர்த்தர் உன்னைக் காப்பாராக. முதலில் கோபம்தான் வந்தது. பத்தியைப் படித்த பிறகு போய்விட்டது.

தில்லி ஆஸ்பத்திரியில் நர்ஸாக எத்தனை பிள்ளைகளை நான் கவனித்திருப்பேன். என் பிள்ளையின் இருதயத்தைப் பற்றி எனக்கே பாடம் சொன்னார்கள். 'யாரோ' என்று போடாமல் டிரில் மாஸ்டர் என்று எழுதினாயே, அது போதும். 'யாரோ' என்று எழுதுகிற நிருபன் சம்பவ இடத்துக்குப் போகாதவன் என்று பத்திரிகை ஆபீசில் புதுப் பையன்களை நீ திட்டுவது ஞாபகம் வந்தது.

ரூபிக்குப் பிடிக்கவில்லை. "செத்தவனைத் திரும்பத் திரும்பச் சாகடிக்காதீங்க அம்மா" என்கிறாள். அவளுக்கு அப்போது ஆறு வயது. அண்ணன் முகமே சரியாக நினைவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

பூ வேண்டாம், பாட்டு வேண்டாம். அந்தப் பத்தி அச்சில் வர வேண்டும். இருக்கும்போதே அதைப் பார்த்துவிட வேண்டும்.

முட்டிவலிக்குத் தைலம் அனுப்புகிறேன். சோம்பல் படாமல் தேய்.

அக்கா


முனிர்கா
30 மார்ச் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

தைலம் வந்தது. தேய்க்கிறேன்.

நேற்று இஸ்ரவேல் வீட்டுக்கு வந்தான். டீயைத் தொடவில்லை. அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணாச்சி, பேராயர் வாராரு. பழைய பிள்ளைங்க அமெரிக்காவுலயிருந்து குடும்பத்தோட வாராங்க. டிரில் மாஸ்டர் இறந்து போயிட்டாரு, அவரு பேர்ல அவரு மாணவங்க பெவிலியன் கட்டித் தாராங்க. அந்தப் பத்தி வந்தா புஸ்தகமே வராது. பேராயத்துல அச்சுக்கே அனுப்ப மாட்டாங்க. பத்திய எடுத்துருங்க, ஆண்டவர் அறிய, பெயரழைப்புல அகஸ்டின் பேர நானே வாசிக்கேன்."

பெயரழைப்பு உனக்குத் தெரியாதது இல்லை. ஆண்டு விழாவன்று ஆலயத்தில் எல்லோரும் நிற்க, இறந்துபோன பழைய மாணவர்களின் பெயரைப் பிரின்சிபால் ஒவ்வொன்றாக வாசிப்பார். கூடப் படித்தவரோ உறவினரோ "ப்ரெசன்ட், சார்" என்று பதில் சொல்ல வேண்டும். பதில் வரும்வரை அடுத்த பெயருக்குப் போகக் கூடாது. போர் நடந்த வருஷம் ஒரு பெயருக்கு ஆளில்லாமல் போய், விடுதிச் சமையற்காரரைக் கூட்டிவந்து பதில் சொல்லவைத்த கதையைப் புத்தகத்தில் எழுதியிருக்கிறேன். படிப்பை முடிக்காமல் போனவர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை என்று சொல்லித்தான் அகஸ்டினை இத்தனை வருஷம் விட்டிருந்தார்கள்.

யோசித்துப் பார்த்தேன். புத்தகத்தை எத்தனை பேர் படிப்பார்கள்? ஆலயத்தில் எல்லோரும் கேட்பார்கள். பத்தியை எடுத்துவிட்டேன். நீ புரிந்துகொள்வாய்.

கிளமெண்ட்


நாகர்கோவில்
8 ஏப்ரல் 2025

தம்பிக்கு,

என்னைக் கேட்டிருக்கலாம். எடுத்த பிறகு என்ன பேச?

ஒன்று மட்டும் கேட்கிறேன். இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை என்று சொல்ல மாட்டேன், நிறையக் கேட்டிருக்கிறேன். இதுதான் கடைசி.

அவன் பெயரை வாசிக்கும்போது யாரும் பதில் சொல்ல வேண்டாம். அவனோடு படித்தவர்கள் வருவதாக இருந்தால் அவர்களிடம் முன்கூட்டிச் சொல். நீயும் சொல்லாதே. "ப்ரெசன்ட்" என்று சொல்ல அவன் அங்கே இல்லை. பதில் வரும்வரை நிற்பதுதானே முறை, இஸ்ரவேல் நிற்கட்டும். பேராயர் நிற்கட்டும். என் பிள்ளை வெயிலில் நின்றான், இவர்கள் ஃபேனுக்குக் கீழே நிற்கட்டும். யார் இவன், ஏன் பதில் இல்லை என்று ஒரு ஆளாவது கேட்கட்டும்.

இதைச் செய்வாயா?

அக்கா


முனிர்கா
28 ஏப்ரல் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

விழா நல்லபடியாக முடிந்தது. ஆலயம் நிறைந்து, வராந்தாவிலும் நாற்காலி போட்டிருந்தார்கள். வெயில் கடுமை. பேராயர் சுருக்கமாகப் பேசினார்.

அகஸ்டின் பெயரை இஸ்ரவேல் தெளிவாக வாசித்தான். நீ கேட்டபடி அகஸ்டினின் வகுப்புக்காரர்கள் மூவரிடமும் சொல்லியிருந்தேன். அவர்கள் வாய் திறக்கவில்லை. வெகுநேரம் நிசப்தம். கூட்டத்தில் பலர் கலங்கினார்கள். பிறகு யாரோ பதில் சொன்னார்கள், அடுத்த பெயருக்குப் போனார்கள். உன் மனம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

புத்தகம் தனித் தபாலில் வருகிறது. அட்டை அழகாக வந்திருக்கிறது.

கிளமெண்ட்


நாகர்கோவில்
11 மே 2025

கிளமெண்ட்டுக்கு,

புத்தகம் வந்தது. பிரிக்கவில்லை.

தில்லி மோதி பாக்கில் இருக்கும் எவாஞ்சலின் லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறாள். அகஸ்டினைத் தூக்கிவந்த அன்று சாயங்காலம் எமர்ஜென்சியில் என்னோடு டியூட்டியில் இருந்தவள். அவள் பேரன் இப்போது அந்தப் பள்ளியில்தான் படிக்கிறான். விழாவுக்குப் போயிருந்தாளாம். முன்னால் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"இஸ்ரவேல் சார் அகஸ்டின் பேர வாசிச்சுட்டு நின்னாருக்கா. பேராயர் தலையத் தூக்கிப் பார்த்தாரு. எனக்குப் பக்கத்துல நின்ன பஞ்சாபி அம்மா 'யே அகஸ்டின் கோன் தா?'ன்னு என்னக் கேட்டாங்க. யாருன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள முன்வரிசையில உங்க தம்பி 'ப்ரெசன்ட், சார்'ன்னுட்டாரு. எல்லாரும் மூச்சு விட்டாங்க. அந்த அம்மா திரும்பிப் பாட்டுப் புஸ்தகத்தப் பிரிச்சுட்டாங்க."

இருபத்தைந்து வருஷத்தில் ஒரே ஒரு ஆள் கேட்டாள்.

உனக்கு அவர்கள் நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அது எனக்குப் புரிகிறது, நீ சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். ஆனால் 'யாரோ' என்று எனக்கு எழுதினாயே. நாற்பது வருஷம் பேனா பிடித்த கை. நீ சம்பவ இடத்தில்தான் இருந்தாய், கிளமெண்ட்.

இதற்குப் பதில் போட வேண்டாம். கிறிஸ்துமசுக்கும் வர வேண்டாம், ரூபியிடம் சொல்லிவிட்டேன். உன் முதல் கடிதத்தை மட்டும் என் வேதாகமத்துக்குள் வைத்திருக்கிறேன். அதை எழுதியவன் என் தம்பி.

என் காலத்துக்குப் பிறகு எங்கேயாவது என் பெயரை வாசித்தால், நீ உட்கார்ந்தே இரு.

இன்பராணி
(அகஸ்டினின் அம்மா)