டிரைவர் வீட்டுக்காரிக்கு நாங்கள் வைத்த பெயர்

எனக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பிய செல்வி அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. எங்கள் பெண்ணியப் பத்திரிகை உனக்கு நினைவு மலர் போடப்போகிறது. அட்டையில் உன் படமாம். உயிரோடு இருந்தவரை உனக்கு உள்பக்கத்தில்தான் இடம் கொடுத்தோம். அட்டைக்கு வர நீ சாக வேண்டியிருந்தது. தங்கை என்பதால் என்னையே எழுதச் சொன்னார் ஆசிரியர் அம்மா. படிக்கிறவர்களுக்குக் கண் கலங்க வேண்டும், அரசியலும் இருக்க வேண்டும் என்றார். இதைப் படித்தால் அவருக்குக் கண் கலங்காது.

முதல் இதழைக் கிளியனூருக்குக் கொண்டுவந்து உன் கையில் கொடுத்தவள் நான்தான். கேப்பை டின்னுக்குள் ஒளித்துவைத்துப் படித்தாய். "ஆக்கறது பெருக்கறது எல்லாம் வேலைதானாம் வசந்தி, புக்குலயே போட்டுக்கிறாங்க பாரு" என்றாய். அதற்கப்புறமும் மாமாவின் லாரி ஹாரன் கேட்டால் ஓடத்தான் செய்தாய். ஆனால், ஓடுகிறோம் என்று ஓடும்போதே தெரிகிறது என்று சொன்னாய். அதை நான் கேலி செய்யமாட்டேன். வேறெந்தப் பத்திரிகையும் உனக்கு அதைத் தரவில்லை.

மீதிப் பக்கங்கள்தான் உனக்கு எட்டவில்லை. 'சொல்லாடல்' என்றால் என்ன என்று கேட்டாய். விளக்கினேன். விளக்கி முடித்ததும் எனக்கும் புரியாமல் போயிற்று. எங்கள் பத்திரிகையில் சென்னைப் பெண்கள் சிந்திப்பார்கள், விழுப்புரத்துப் பெண்கள் கவிதை எழுதுவார்கள், கிராமத்துப் பெண்கள் அடி வாங்குவார்கள். மாதம் ஒருத்தி தேவைப்பட்டாள். அலுவலகத்தில் கிராமத்து உறவு உள்ளவள் நான் ஒருத்திதான், ஆகவே ஆள் பிடிக்கும் வேலை எனக்கு.

ஒரு மாதம் யாரும் கிடைக்கவில்லை. உன்னை எழுதச் சொன்னேன். ரஃப் நோட்டில் பதினோரு பக்கம் எழுதிக் கொடுத்தாய். பெல்ட்டைப் பற்றி, மூடின கதவைப் பற்றி. ஆசிரியர் அம்மா படித்துவிட்டு ஊர் வாசனை போதவில்லை என்றார். நான் சேர்த்தேன்: கிளியனூர், லாரி டிரைவரின் மனைவி, மல்லாட்டைக் கடலை உடைக்கும் மெஷினுக்கு எதிர்வீடு. செல்வி என்பதைக் கயல்விழி ஆக்கி, பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று கீழே போட்டோம். உன்னைக் காப்பாற்றிவிட்டோம் என்றே நினைத்தோம்.

உன் தெருவில் செல்வி என்ற பெயர் யாருக்குத் தெரியும் அக்கா? கல்யாணமாகிப் போன நாளிலிருந்து நீ டிரைவர் வீட்டுக்காரி. ஒருவருக்கும் தெரியாத பெயரை மறைத்துவிட்டு ஊருக்கே தெரிந்ததை அச்சடித்தோம். ஆசிரியர் அம்மாவுக்கு இது தெரியாது, போகட்டும். அப்படி ஒரு தெருவிலேயே பிறந்த எனக்குமா தெரியாது? அவர் என் நடையைப் பாராட்டினார். நான் பூரித்துப்போய் உட்கார்ந்திருந்தேன்.

டீக்கடையில் அதை உரக்கப் படித்தார்கள். மாமா உன்னை அடிக்கவில்லை. பேச்சை நிறுத்தினார், போனைப் பிடுங்கிக்கொண்டார். நம் வீட்டுக் கதையும் எழுதிவிடுவாள் என்று தெருப் பெண்கள் உன் வாசல் பக்கமே வரவில்லை. நான் வந்தபோது நீ திட்டக்கூட இல்லை. "நல்லாத்தான் எழுதிக்கிற. என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்" என்றாய். பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. மாமா லோடு ஏற்றிக்கொண்டு போயிருந்தார், உன் மகள் பள்ளி ஹாஸ்டலில் இருந்தாள். நாலு நாள் ஆட்டோ கூப்பிடவும் ஆளில்லை. விழுப்புரத்துக்குக் கொண்டுவந்தபோது காலம் கடந்திருந்தது.

இரங்கல் கூட்டம் போட்டோம். அழுதோம், வடை தின்றோம். நான் நன்றாகப் பேசினேன் என்றார்கள்.

உன் மகள் இப்போது திண்டிவனத்தில் என்னோடு இருக்கிறாள், பிளஸ் டூ. அவள் அப்பாதான் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். என் வீட்டுக்காரரைத்தான் உனக்குத் தெரியுமே. காலேஜ் வாத்தியார், எங்கள் கூட்டங்களில் பெண்ணுரிமை பேசுகிறவர். நான் கொடுத்துவைத்தவள் என்பாய். உன் பதினோரு பக்கத்தையும் வாங்கிக்கொண்ட நான், என்னுடையதில் ஒரு வரிகூட உனக்குச் சொன்னதில்லை. போன வாரம் மோர்க்குழம்பில் உப்பு இல்லை என்று கன்னத்தில் அறைந்தார். உன் மகள் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. அப்புறம் பாத்திரம் துலக்கும்போது கேட்டாள்.

"சித்தி, இது எந்த மாசப் புக்குல வரும்?"

ஆசிரியர் அம்மாவிடம் சொன்னேன், எழுதுகிறேன் என்றேன். "அது உன் பர்சனல், வசந்தி. சார் நம்ம ஆளு" என்றார். அப்படியானால் நீ யார் ஆள், அக்கா?

உன் படத்தை நான் தரமாட்டேன். நினைவு மலரில் இந்தக் கடிதம்தான் வர வேண்டும். வராவிட்டால் ஜெராக்ஸ் எடுத்து, என் வீட்டுக்காரர் அடுத்துப் பேசும் கூட்டத்தில் நாற்காலிக்கு ஒன்றாக வைப்பேன். முதல் நாற்காலி ஆசிரியர் அம்மாவுடையது.

எழுதியதும் உன் மகளிடம் கொடுத்து, போடலாமா என்று கேட்டேன். இரண்டு முறை படித்தாள். தன்னைப் பற்றிய ஒரு பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டு, மீதியைப் போடலாம் என்றாள். அவள் அடித்ததை நான் எங்கும் எழுதமாட்டேன், யார் கேட்டாலும் சொல்லமாட்டேன். இது உனக்குச் சத்தியம்.

உன்னைக் கேட்காமல் அச்சிலேற்றிய உன் தங்கை,
வசந்தி