அண்ணையின் முதுகில் இருக்கும் இரும்பு

செவ்வாய்க்கிழமை, இரவு.

ஆஸ்பத்திரியில் இன்று அண்ணைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லை. சண்டைக் காலத்தில் முதுகுக்குள் பாய்ந்த ஷெல் குண்டின் துண்டை அந்த மெஷினின் காந்தம் இழுத்துவிடுமாம்.

வீட்டுக்கு வந்ததும், பிள்ளைகளின் புத்தகத்துக்காக நான் மொழிபெயர்க்கும் பக்கத்தை அவருக்கு வாசித்தேன். முன்னொரு காலத்தில் ரஷ்யாவுக்குப் போய் இரும்பாலை கட்டிய ஒல்லாந்த வியாபாரியைப் பற்றியது.

"அங்கை என்னத்தைச் செய்தவங்கள்?" என்று அண்ணை கேட்டார்.

"பீரங்கியும் குண்டும்தான், அண்ணை."

"அதையும் எழுதினனியோ?"

"ஓம்."

"அந்தாளின்ரை பேரும் இருக்கோ?"

"ஓம், இருக்கு."

"இதைச் செய்தவன்ரை பேரைத்தான் ஒருத்தரும் எழுதேல்லை" என்று முதுகைத் தொட்டுக் காட்டினார். பிறகு ஒருக்களித்துப் படுத்துவிட்டார். மல்லாந்து படுக்க அவரால் முடியாது.

வியாபாரியின் பெயரில் ஓர் எழுத்தும் பிழையாகிவிடக் கூடாதென்று காலையில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன்.