எட்டாயிரம் சுற்று

இன்று காலை பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் நின்றிருந்தேன். கிளாஸை நீட்டிய கடைக்காரர் என் சட்டைக் கையில் எதையோ பார்த்து, இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"இன்னா சார், செம்பட்ட முடி? இம்மாம் நீளத்துக்குக் கீது? வூட்ல பாத்தாங்கன்னா இன்னா ஆவறது?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களில் இரண்டு பேருக்கு என்னைப் பிடிக்காது. அவர்களுடைய சிரிப்பு மட்டும் தேவைக்கு மேல் நீண்டதாக எனக்குப் பட்டது. அது முடி இல்லை, செப்புக் கம்பி என்று நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன கம்பி, எதற்கு என்று அடுத்த கேள்வி வரும். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு, டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் கம்பி நீ சுற்றியது. நாம் பேசாமல் இருந்தது இரண்டு வருடம். நீ போய் மூன்று வாரம் ஆகிறது. பேச வேண்டியதை இப்போது எழுதுகிறேன். குறுக்கே பேச நீ இல்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

நம் இருவருக்கும் ஐம்பது தாண்டிய பிறகுதான் நீ அந்தப் பேச்சை எடுத்தாய். கே.ஜி.கண்டிகையில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். பள்ளிக்கூடம் முடிந்த பிறகு நாம் பார்த்துக்கொண்டதே கல்யாணத்திலும் சாவிலும்தான். நீ அம்மையார்குப்பத்தில் தறியோடு இருந்தாய். நான் இயற்பியலில் முதுகலை படித்து, கல்லூரி ஆசிரியர் வேலைக்கு நேர்முகம் போய், அந்த இடத்தை வேறு யாருக்கோ கொடுத்த பிறகு, தாலுகா அலுவலகத்தில் உட்கார்ந்தவன். அந்த நேர்முகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த மூன்று பேரின் முகமும் எனக்கு இன்னும் மறக்கவில்லை. மறக்கும் உத்தேசமும் இல்லை.

"நைனா, நாம ஒரு கிதார் செய்யலாமா? கரண்டு கிதார்" என்றாய். நைனா என்று நீ கூப்பிட்டாலே ஏதோ காரியம் இருக்கிறது என்பது பள்ளிக்கூடத்திலேயே எனக்குத் தெரியும்.

"ஏன், என்கிட்ட வந்து கேக்கற? ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"ஒனக்குக் கரண்டு தெரியும். எனக்குச் சுத்தத் தெரியும். வேற இன்னா வோணும்?"

சின்ன வயதில் நீ கச்சேரிக் குழுக்களோடு போய் இரவல் கிதார் வாசித்தவன். சொந்தமாக ஒன்று உன்னிடம் இருந்ததே இல்லை. விடுதியில் இருந்தபோது நானும் கிதாரில் நாலு கார்டு பழகியிருந்தேன். ஒத்துக்கொண்டேன். ஆனால் வீடு வந்து சேரும்வரை, இவனுக்கு என்னிடம் உண்மையில் என்ன வேண்டும் என்றே யோசித்துக்கொண்டு வந்தேன். நீ கேட்டது கிதார் மட்டும்தான் என்பதை நம்ப எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

அரக்கோணம் சாலை மில்லில் பலாப் பலகை வாங்கினோம். காய்ந்த மரம் என்று மில்காரர் அடித்துச் சொன்னார். நான் நம்பவில்லை. வாராவாரம் பலகையைத் தூக்கிக்கொண்டு போய் பழைய பேப்பர்காரரின் தராசில் நிறுத்துப் பார்த்தேன். எடை குறைந்துகொண்டே வந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். ஐந்து வாரமும் எடை மாறவில்லை. மில்காரர் சொன்னது உண்மைதான். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். "சந்தேகப்பட்டுகினே துன்னா பாயசமும் கசக்கும் நைனா" என்றாய். பிறகு அதையே எதற்கெடுத்தாலும் சொல்ல ஆரம்பித்தாய்.

என் வீட்டு முன்னறையில் பலகையை அறுத்தோம், செதுக்கினோம். பலாத் தூள் மஞ்சளாகப் பறந்து உன் மீசையில் ஒட்டியது. கழுத்துக்குப் பழைய தேக்குக் கதவின் சட்டம். அதில் விரல் வைக்கும் கோடுகள் எங்கெங்கே வரவேண்டும் என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்தேன். நீ ஒன்றுகூடப் பிசகாமல் ரம்பத்தால் கீறினாய். அந்தக் கோடுகளைப் பார்க்கும்போது இப்போதும் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. தேடிப் பார்த்தேன்.

பிறகு காயில். எலெக்ட்ரிக் கிதாருக்கு அதுதான் காது. தந்திகளுக்கு அடியில் காந்தத்தை வைத்து, அதைச் சுற்றி முடியை விட மெல்லிய செப்புக் கம்பியை ஆயிரக்கணக்கில் சுற்ற வேண்டும். தந்தி அதிர்ந்தால் அந்தச் சுருளில் மின்சாரம் பிறக்கும், அதுதான் ஒலிபெருக்கிப் பெட்டியில் சத்தமாக வரும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு காயில் வைப்பதென்று முடிவு செய்தோம். கடையில் வாங்கலாம் என்றேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "நாப்பது வருசமா சுத்திகினு கீறேன், எனக்கு ரெண்டு காயில் வெளிய வாங்குவியா?" உங்கள் வீட்டுப் பரண்மேல் கிடந்த பழைய ராட்டையை இறக்கினாய். தறி நாடாவுக்குள் வைக்கும் தார்க்குச்சியில் நூல் சுற்றுகிற ராட்டை. பெரிய சக்கரம் ஒரு முறை சுற்றினால் குச்சி மாட்டும் கதிர் நாற்பது முறை சுற்றும் என்று அளந்தேன். எட்டாயிரம் சுற்றுக்கு இருநூறு முறை சக்கரத்தைச் சுற்ற வேண்டும். எந்தப் பக்கம் சுற்றுவது, எவ்வளவு இழுத்துப் பிடிப்பது, எல்லாவற்றையும் இரண்டு பக்கம் எழுதி உன் கையில் கொடுத்தேன்.

முதல் காயிலை நீ கொண்டுவந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஈயம் வைத்து, தந்தி மாட்டி, பெட்டியில் இணைத்தோம். நீ வாசித்தாய். எதிர்வீட்டுக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். கோயில் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, தலையில் சந்தனத்தோடு இறங்கி வந்த யாரோ ஒரு குடும்பம்கூட ஆட்டோவை நிறுத்திக் கேட்டது. பிறகு கிதாரை என்னிடம் கொடுத்தாய். நானும் வாசித்தேன். நான் நிமிர்ந்து பார்த்தபோது வாசலில் யாரும் இல்லை.

பத்து நாள் கழித்து இரண்டாவது காயில் வந்தது. துணிப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது நீ வழக்கத்தை விடக் குறைவாகப் பேசினாய் என்று குறித்துக்கொண்டேன். மின்சாரம் ஓடுகிறதா என்று மீட்டரை வைத்தேன். முள் அசையவில்லை. செத்த காயில்.

"வூட்லயே கையால அமுக்கிப் பாத்தன்டா, கெட்டியா கீதே" என்றாய்.

அதற்கு முந்தைய வாரம் அலுவலகத்தில் ஒருவன் சொல்லியிருந்தான்: ஆர்.கே.பேட்டையில் கச்சேரிக் குழு வைத்திருப்பவர் உன் வீட்டுக்கு வந்து போகிறாராம், அவருக்கும் நீ ஒரு கிதார் செய்யப்போகிறாயாம். நான் உன்னிடம் அதைக் கேட்காமல் வைத்திருந்தேன். நீயாகச் சொல்கிறாயா என்று பார்க்கத்தான் வைத்திருந்தேன். நீ சொல்லவில்லை. இப்போது இரண்டும் எனக்கு ஒன்றாகச் சேர்ந்தன.

"நல்லது அங்க போச்சு. செத்தது இங்க வந்துச்சு. அப்படித்தானே?"

நீ புரியாமல் பார்த்தாய். நான் சொல்லச் சொல்லப் புரிந்தது. முகம் கறுத்துவிட்டது. "இன்னாடா பேசற நீ? குடு, வேற சுத்தியாறேன்" என்று கையை நீட்டினாய்.

"நீ சுத்தற காயில் எனக்கு வேணாம்" என்றேன். "எத்தனை சுத்து சுத்தினேன்னு உனக்கே வெளிச்சம்."

கையை மடக்கிக்கொண்டாய். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாய். அந்தப் பாயசப் பழமொழியைச் சொல்வாய் என்று நினைத்தேன். சொல்லவில்லை. போய்விட்டாய்.

கிதாரை நான் தனியாக முடித்தேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அரக்கையும் ஸ்பிரிட்டையும் கலந்து துணி உருண்டையால் பூசிப் பூசிக் காயவிட்டேன். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காற்றில் இருந்த ஈரத்துக்குப் பாலிஷ் வெள்ளை பூத்தது. ஈரத்தில் அரக்கு அப்படித்தான் செய்யும் என்பது படித்த எனக்குத் தெரியும். ஆனாலும் உன் வயிற்றெரிச்சல் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டேன். மறுபடி சுரண்டி, மறுபடி பூசினேன். பின்பக்கக் காயிலுக்கு வெட்டிய ஓட்டையை மூட, அந்தச் செத்த காயிலையே பொம்மை மாதிரி வைத்துத் திருகினேன். பார்க்கிறவர்களுக்கு இரண்டு காயில் உள்ள கிதார். சத்தம் வந்தது ஒன்றிலிருந்து மட்டும்தான்.

நடுவில் இரண்டு தடவை சந்தையில் உன்னைப் பார்த்தேன். ஒரு தடவை நீ என்னைப் பார்த்துவிட்டுக் கத்திரிக்காய் பொறுக்குவதுபோல் குனிந்தாய். குற்றம் உள்ளவன் குனிகிறான் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு உன் நெஞ்சுவலிச் செய்தி வந்தது; ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றார்கள். வந்தேன். உன் தெருவில் தறிச் சத்தம் நின்று நான் கேட்டதே இல்லை. கும்பலுக்குப் பின்னால் நின்றேன். இவர்கள் எல்லோருக்கும் நம் சண்டை தெரிந்திருக்கும், என்னைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அப்போதுதான் ஒருவர் பக்கத்தில் வந்தார். ஆர்.கே.பேட்டை கச்சேரிக்காரர் அவர்தானாம்.

"நீங்கதான அந்தத் தாலுகா ஆபீஸ் சார்? எனக்கும் ஒரு கிதார் செஞ்சு குடுண்ணான்னு நாயா அலைஞ்சேன் சார். எங்க ஆளு ஒருத்தரு கீறாரு, அவர கேக்காம கைய வெக்க மாட்டேன்னுட்டாரு. கடசிவரைக்கும் செய்யவே இல்ல."

நான் தலையை ஆட்டினேன். நம்பவில்லை. சாவு வீட்டில் யார்தான் செத்தவனைக் குறைத்துப் பேசுவார்கள்? வீட்டுக்கு வந்ததும் கிதாரை எடுத்து, திருகைக் கழற்றி, அந்தக் காயிலை வெளியே எடுத்தேன். நீ ஏமாற்றினாயா இல்லையா என்பது அதற்குள் இருக்கும். பிரித்து எண்ணிவிடுவது என்று உட்கார்ந்தேன். எட்டாயிரத்துக்குக் குறைந்தால் நான் ஜெயித்தேன்.

மேல் டேப்பை உரித்து, கம்பியின் நுனியைப் பிடித்துப் பிரித்தேன். நூறுக்கு ஒரு கோடு தாளில் போட்டேன். மூன்று மாலை உட்கார்ந்தேன். மூவாயிரத்துச் சொச்சத்தில் விரலில் ஏதோ தட்டியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முடிச்சு. கடுகில் பத்தில் ஒரு பங்கு இருக்காது. நூல் அறுந்தால் நெசவாளி போடுகிற அதே முடிச்சு.

அந்தக் கம்பிக்கு மேல் கண்ணுக்குத் தெரியாத அரக்குப் பூச்சு உண்டு. அதைச் சுரண்டி ஈயம் வைத்தால்தான் இரண்டு நுனிக்கும் நடுவே மின்சாரம் ஓடும். முடிச்சுப் போட்டால் கம்பி சேரும், மின்சாரம் சேராது. உனக்கு அது தெரியாது. அறுந்ததும் நாற்பது வருடப் பழக்கத்தில் கை தானாக முடிந்திருக்கிறது. நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தில் கம்பி அறுந்தால் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை. அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன்.

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அந்த இரண்டு நுனியையும் சுரண்டி, ஒரு பொட்டு ஈயம் வைத்து, பிரித்ததை மறுபடி சுற்றியிருந்தால் உன் காயில் பாடியிருக்கும். நான் நிறுத்தவில்லை. முடிச்சு இருக்கட்டும், எண்ணிக்கை சரியா என்று பார்த்துவிடலாம் என்று கடைசிவரை பிரித்தேன். எட்டாயிரத்து இருநூறு வந்தது. குறையவில்லை, இருநூறு கூட இருந்தது. பிரித்த கம்பி மேசைமேல் காக்காய்க் கூடு மாதிரி சிக்கிக் கிடந்தது. இனி அதை யாராலும் சுற்ற முடியாது. முடிச்சுப் போடுகிற கையும் இல்லை.

அந்த இருநூறு என்னைத் தூங்க விடவில்லை. குறைந்திருந்தால் காரணம் எனக்குத் தெரியும். கூட இருப்பதற்கு என்ன காரணம்? உன் பதினாறாம் நாளுக்கு வந்தபோது, பந்தி முடிந்து உன் மனைவி தண்ணீர்ச் செம்போடு அந்தப் பக்கம் வந்தார். நீ கணக்குக்கு மேல் கூடச் சுற்றுவாயா என்று ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல் கேட்டேன்.

"ஆங்ணா, தார் சுத்தறப்போ அறுந்துச்சுன்னா முடிச்சு போட்டு, மேல அஞ்சு சுத்து கூட சுத்துவாரு. முடிச்சுல போனத நம்மதான் சேத்துக் குடுக்கணும்னு எங்க மாமியார் கண்டிசனா சொல்லுவாங்க. அந்தக் கம்பிக்கும் அப்பிடித்தான் சுத்துனாரு. அது அறுந்த அன்னிக்கு சோறுகூட துன்னலண்ணா. ஒங்களுக்கு எப்பிடி சொல்றதுன்னே பொலம்பிகினு இருந்தாரு. இன்னாத்துக்குக் கேக்கறீங்க?"

"சும்மாதாம்மா" என்றேன்.

சக்கரத்தில் ஐந்து சுற்று என்றால் கதிரில் இருநூறு. கணக்கு சரியாக இருந்தது. அன்று நீ குறைவாகப் பேசியதும் அதனால்தான். கம்பி அறுந்ததைச் சொன்னால் நான் என்ன பேசுவேன் என்று உனக்குத் தெரிந்திருந்தது. நீ சொல்லாமலே நான் அதைவிட மோசமாகப் பேசினேன்.

எல்லாம் தெரிந்த பிறகும் எனக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. இது உன்மேல் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை காலியான வாசலைப் பார்த்தபோதே உன்மேல் ஒரு குற்றம் கிடைக்காதா என்று நான் காத்திருக்க ஆரம்பித்துவிட்டேனோ? முள் அசையாதபோது எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதி அடைந்த மாதிரி நினைவு. இது நிஜமா, இப்போது நானாகச் சேர்த்துக்கொள்கிறேனா என்று சொல்ல முடியவில்லை. எட்டாயிரத்து இருநூறு சுற்றை எண்ணப் பொறுமை இருந்த எனக்கு, "கம்பி அறுந்துச்சாடா?" என்று கேட்க மட்டும் வாய் வரவில்லை. உன்னை நிற்க வைத்து எல்லாக் கேள்வியும் கேட்டேன், அது ஒன்றைத் தவிர.

நேற்று அலுவலகத்தில் ஒரு கோப்பில் நடுவில் நாலு தாள் இல்லை. கடைசியாக அதைக் கையில் வைத்திருந்தவன், இதற்கு முன் என்னைப் பற்றி மேலதிகாரிக்குப் புகார் எழுதிப்போட்ட ஆள். வழக்கம்போல் எனக்குள் எல்லாம் தயாராகிவிட்டது. என்ன சொல்லி ஆரம்பிக்க வேண்டும் என்பதுகூட. அவன் மேசை முன்னால் போய் நின்று, "இன்னாப்பா ஆச்சு இதுக்கு?" என்று மட்டும் கேட்டேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். கோப்பைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான்.

"ஏன் சார்," என்றான், "இன்னா ப்ளான்ல கீறீங்க?"

பக்கத்தில் இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் சொல்லட்டும் என்று உட்கார்ந்தேன்.